ஏறும் முன் ஏணியின் அடியைப் பார்!

நம் கழக மேடைகளில் ஏணி என்றால் ஆசிரியர்தான் நினைவுக்கு வருவார். பிறரை ஏற்றிவிட்டுத் தாம் அங்கேயே நிற்பவர் என்று புகழ்வோம். நான் எழுத வந்தது அந்த ஏணியைப் பற்றியன்று. வீட்டின் பின்புறம் சாய்த்து வைத்திருக்கிறோமே, அந்த உண்மையான ஏணியைப் பற்றித்தான்.

மலாக்காத் தமிழர்களுக்கும் ஏணிக்கும் பழைய உறவு உண்டு. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்திற்காக ரப்பர் நடப்பட்ட முதல் இடங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் பலர் அங்கே பால்மரம் சீவினர். மரம் முதிர்ந்து கீழ்ப்பட்டை தீர்ந்துவிட்டால், மேல்பட்டையைச் சீவ ஏணி வேண்டும். ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் வேலை செய்த என் பாட்டி, ஏணியைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் போனவர். "எட்டிச் சீவக் கூடாது, ஏணியை நகர்த்திச் சீவணும்" என்பார்.

அந்தச் சொல்லை நாங்கள் மறந்த நாள் ஒன்று உண்டு. என் அப்பா சொந்தமாகச் சாயம் அடிக்கும் வேலை எடுத்துச் செய்பவர். நான் ஐந்தாம் படிவம் படித்தபோது, தீபாவளிக்கு முந்திய வாரம், அலோர் காஜாவில் ஒரு வீட்டுக்குச் சாயம் அடித்தோம். ஏணியைப் பிடித்திருந்தவன் நான். சுவரின் ஓரத்தில் ஒரு சாண் இடம் மிச்சம். இறங்கி நகர்த்த மனமில்லாமல் அப்பா எட்டினார். ஏணி பக்கவாட்டில் சாய்ந்தது. என்னால் தடுக்க முடியவில்லை. எட்டடி உயரந்தான். குதிகால் எலும்பு உடைந்து, நான்கு மாதம் வருமானமில்லை. நான் எஸ்.பி.எம். எழுதிய நாள்களில் அம்மா உணவகத்தில் பாத்திரம் கழுவினார்.

ஏன் சாய்ந்தது? நம் உடலின் எடை ஏணியின் இரு கால்களுக்கும் நடுவில் விழும்வரை ஏணி நிற்கும். வெளியே போனால் கவிழும். ஆகவே, இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

1. இடுப்பு வாரின் கொக்கி ஏணிச் சட்டத்தைத் தாண்டக் கூடாது. எட்டவில்லையா? இறங்கி நகர்த்துங்கள்.

2. சாய்வு ஏணி நான்கடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே நிற்க வேண்டும். பன்னிரண்டு அடி என்றால் மூன்றடி. ஏணிக் காலில் நம் கால் விரல் பட நேராக நின்று கைகளை நீட்டினால், உள்ளங்கை தோள் உயரப் படியைத் தொட வேண்டும்.

3. இரு கால் ஒரு கை, அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். சாய வாளியைக் கயிற்றால் மேலே இழுங்கள்.

4. கூரைக்கு ஏறும் ஏணி, கூரை விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும்.

5. மடக்கு ஏணியை முழுதாக விரித்துப் பூட்டுங்கள். உச்சிப் படியில் நிற்காதீர்கள். மின்கம்பி அருகே அலுமினிய ஏணி ஆகவே ஆகாது.

6. மாவிலைத் தோரணம் கட்ட மேசை மேல் நாற்காலி போடுவதை இன்றோடு விடுங்கள்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களையும் உள்ளடக்குகிறது. உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். விடுமுறையில் கடைகளில் பகுதிநேர வேலை செய்யும் நண்பர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சொந்தத் தொழில் செய்வோர் பெர்க்கேசோவில் சந்தா செலுத்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எங்களுக்கு அது தெரியாமல் போனது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இல்லத்தரசிகளும் பெர்க்கேசோ பாதுகாப்புப் பெறலாம்.

நண்பர்களே, தீபாவளிக்கு வீடு திரும்பும்போது ஏணி வெளியே வரும். யாராவது எட்டினால், "இறங்குங்க, நகர்த்திக்கலாம்" என்று சொல்லுங்கள். அன்று ஏணியைப் பிடித்திருந்த நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.