அப்பாவுக்கு பர்த்டே கார்டு செய்யணுமா? அவரோட பொழுதுபோக்குல இருந்து தொடங்குங்க!

வாழ்த்து அட்டைக் கடையில் அம்மாவுக்கு, அக்காவுக்கு, தோழிக்கு என்றால் பூ, பட்டாம்பூச்சி, ஜிகினா என்று ஏகப்பட்டது இருக்கும். அப்பாவுக்குத் தேடினால் கோட், டை, மீசை, கார். எங்க அப்பா டை கட்டி நான் பார்த்ததே இல்லை.

கையால் செய்தாலும் இதே சிக்கல்தான். பூவை எடுத்துட்டு நீலக் கலர் அடிச்சா அது ஆண்களுக்கான கார்டு ஆகிடாது. அந்த மனுஷனுக்கு எதில் பிரியம் என்று பார்த்தால், வடிவமும் கலரும் அதிலிருந்தே கிடைத்துவிடும். கேரம் ஆடுகிறவருக்கு நாலு மூலையிலும் வட்டம் வெட்டிய சதுர அட்டை, நடுவில் சிவப்புக் காய். தபால்தலை சேர்ப்பவருக்கு ஓரம் பல் பல்லாக வெட்டிய அட்டை.

எங்க அப்பாவுக்கு ஆடியோ கேசட். பீரோ மேல் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து வாங்கியவை.

அளவு, தாள், பசை

1963-ல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டின் அளவு சுமார் 10 செ.மீ. நீளம், 6.4 செ.மீ. உயரம். எழுத இடம் வேண்டுமே, அதனால் இரு மடங்காக்கினேன். ஏ4 அளவு கெட்டித் தாளில் (250 ஜி.எஸ்.எம். நல்லது) 20-க்கு 25.6 செ.மீ. வெட்டி, மடிப்பு மேல் பக்கம் வருவதுபோல் பாதியாக மடித்தால் சரியாக வரும். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, தீர்ந்துபோன பால் பென்னால் அழுத்திக் கோடு போடுங்க. இல்லைன்னா மடிப்பில் தாள் வெடிக்கும்.

முன்பக்கம் வெளிர் நிற லேபிள், அதில் இரண்டு வட்டம். இரண்டின் மையங்களுக்கும் இடையே 8.5 செ.மீ. விடுங்க. உள்ளே ஆறு பற்கள் வரையணும், பென்சில் சொருகிச் சுத்துவோமே, அதே பற்கள். முதல் கார்டில் லேபிளை வெள்ளைப் பசையில் ஒட்டினேன், ஈரத்தில் அப்பளம் மாதிரி நெளிந்தது. க்ளூ ஸ்டிக் போதும்.

உள்ளே என்ன எழுத?

60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், அதாவது ஆறு பாட்டு அளவு. அதனால் பக்கத்துக்கு ஆறு வரி. ஏ பக்கம் நான் பிறப்பதற்கு முன்னாடி அப்பா வாழ்க்கை, பி பக்கம் அதுக்கு அப்புறம் என்று பிரித்தேன். பி பக்கம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஏ பக்கத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே வரி! மீதி நாலு வரிக்கு அத்தைக்கு போன் போட வேண்டியதாச்சு.

அப்போதுதான் அத்தை ஒரு கேசட் பற்றிச் சொன்னார். பெட்டியில் தேடினேன். லேபிளில் எதுவும் எழுதவில்லை, ஆனால் மேல் விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் துண்டும் உடைக்கப்பட்டிருந்தன. அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. டேப் ரெக்கார்டரின் ரெக்கார்ட் பட்டனே அழுந்தாது. அதில் இருப்பது மூன்று வயதில் நான் உளறியதாம். எனக்குத் தெரியவே தெரியாது.

கார்டிலும் அதைச் செய்தேன். மடித்த நிலையிலேயே மேல் விளிம்பின் இரு மூலைக்கும் அருகே சின்னச் சதுரம் வெட்டினால் போதும். ரொம்ப ஆழமாக வேண்டாம், மடிப்பு பலவீனமாகிடும்.

பிறந்தநாளன்று அப்பா கார்டைத் திறக்கும் முன் அந்த வெட்டைத்தான் தடவிப் பார்த்தார்.

"இது உனக்கு யாரு சொன்னா?"

"அத்தை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாத்தணும்" என்றார். ரிப்பேர் செய்கிற கடை தேடிக்கொண்டிருக்கிறேன்.