சுமையின் பாதை – 14: கடைக்கு முன் எடைமேடை

சுமையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அல்ல என்பது போன வாரமே முடிந்த விஷயம். இந்த வாரம் கேஸ் ஷாக்கா, ஆயில் ஷாக்கா என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது. பிக்கப்புக்குப் புது ஷாக் வாங்குகிறவர் எதை வைத்து முடிவெடுப்பது? கடைகளில் குழாயின் தடிமனையும் ‘ஹெவி டியூட்டி’ என்ற முத்திரையையும்தான் பேசுகிறார்கள். பின் அச்சின் எடை தெரியாமல் இவை எதற்கும் அர்த்தமில்லை என்பதே என் வாதம்.

ஷாக்கின் வேலை என்ன என்பதை அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்து கிளாட் ஃபாஸ்டரின் கருவியைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. என்ஜின் புகையின் வேகத்தால் ஒலிக்கும் ‘கேப்ரியல்’ ஹாரனைச் செய்து விற்றவர் அவர். 1910களில் ‘ஸ்னப்பர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் எண்ணெயும் இல்லை, வால்வும் இல்லை. ஒரு சுருட்டிய வார்ப்பட்டை, அவ்வளவுதான். வார்ப்பட்டையின் ஒரு நுனி அச்சில், சுருள் சட்டத்தில். மேட்டில் ஏறிச் சக்கரம் மேலே எழும்போது வார் தளரும். உள்ளிருக்கும் சிறு வில் அந்தத் தளர்வைச் சுருட்டிக்கொள்ளும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரியும்போதுதான் வார் இறுகி, உராய்வால் அதைப் பிடித்து நிறுத்தும். அதாவது, அமுங்குவதற்குத் தடையே இல்லை. திரும்புவதற்கு மட்டும் தடை. இன்றைய எண்ணெய் ஷாக் இரண்டு பக்கமும் தடுத்தாலும், விரிவுக்கான தடையைத்தான் பொதுவாக அதிகமாக வைக்கிறார்கள். ஸ்பிரிங் சேமித்து வைத்த ஆற்றலை உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளில் நெருக்கிப் பாய்ந்து வெப்பமாக்கிவிடுகிறது. கேப்ரியல் என்ற அதே பெயரில் 1961இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கியது. இன்று ஓசூரிலும் அதற்கு ஆலை இருக்கிறது.

ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றலை அடக்குவதுதான் வேலை என்றால், எவ்வளவு ஆற்றல் என்பது தெரிந்தாக வேண்டும். அதை முடிவு செய்பவை இரண்டு: ஸ்பிரிங் மேல் நிற்கும் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு. இவ்விரண்டின் பெருக்குத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தால், தேவைப்படும் தடை அந்த விகிதத்தில் கூடும். ஒரு டன் ஏற்றும் பிக்கப்பில், காலியாக இருக்கும்போது பின் அச்சு சுமப்பது ஒரு டன்னுக்கும் குறைவு. முழுச் சுமையில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எடை மட்டும் இரட்டித்தால் 1.41 மடங்கு தடை வேண்டும். அடியிலிருக்கும் துணைப் பட்டைகளும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கி விறைப்பும் இரட்டித்தால், தடையும் இரண்டு மடங்கு வேண்டும். ஷாக் மாறவில்லை, பழுதாகவும் இல்லை. ஆனாலும் காலி வண்டியில் சரியாக இருந்த அதே ஷாக், சுமை ஏறியதும் பாதி பலத்தில் நிற்கிறது. காரில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதில்லை. பிக்கப்புக்கு ஷாக் தேர்வு தனிப் பிரச்சினையாவது இதனால்தான்.

அப்படியானால் இருப்பதிலேயே கடினமானதை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். காலியாகத் திரும்பும் வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். விரிவுத் தடை மிகுந்தால், அடுத்தடுத்த மேடுபள்ளங்களில் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மேட்டுக்கும் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கியே நிற்கும். பின்பக்கம் தத்தும், வளைவில் வழுக்கும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஆபத்தாகும். ஆகவே பெரும்பாலும் சுமையோடு ஓடும் வண்டிக்குக் கூடுதல் தடை நியாயம். எப்போதாவது சுமை ஏற்றுகிற வண்டிக்குக் கம்பெனி அளவே போதும். போகும்போது சுமை, வரும்போது காலி என்று ஓடுகிற வண்டிக்குத் தடையைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஷாக் விலைக்குத் தகுந்தது.

வண்டி பின்னால் தொங்குகிறதே, நல்ல ஷாக் போட்டால் நிமிராதா என்பது இன்னொரு கேள்வி. நிமிராது, அது பட்டைகளின் தளர்ச்சி. காற்றடைத்த ஷாக் நிமிர்த்துமே என்றால் உண்மைதான். ஆனால் அப்போது சுமை ஷாக்கை மாட்டிய போல்ட்டுகளிலும் பிராக்கெட்டுகளிலும் இறங்குகிறது. பெரும்பாலும் அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கூடுதல் பட்டை சேர்ப்பது சரியான வழி. அதைச் செய்தால் வண்டியின் உயரம் மாறும். ஷாக்கின் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும். குட்டையான ஷாக், சக்கரம் முழுதாகத் தொங்குமுன் இழுபட்டு அறுகிறது. நீளமானது, அச்சு ரப்பர் ஸ்டாப்பரில் மோதுமுன் உள்ளே முட்டி உடைகிறது. முழுதாக மடங்கிய நீளம், முழுதாக விரிந்த நீளம் இரண்டையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

ஆகவே கடைக்குப் போகும்முன் எடைமேடைக்குப் போங்கள். பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி, காலியாக ஒரு முறை, வழக்கமான சுமையோடு ஒரு முறை சீட்டு வாங்குங்கள். அந்த இரண்டு எண்களையும் சொன்னால், கடைக்காரரும் மெக்கானிக்கும் முத்திரையை விட்டுவிட்டு வண்டியைப் பற்றிப் பேசுவார்கள். தள்ளிப்போன கேஸ் ஷாக், 1950களில் அதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் புர்சியே தெ கார்போனோடு அடுத்த வாரம் வரும்.