மூக்கண்டப்பள்ளியில் ‘கல்’: ஒலியொப்புமையும் சொல்லுறவும்

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டை சார்ந்த ஊராகும். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியன வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் வடமாநிலத் தொழிலாளர் வருகையால் இந்தியும் இன்று வழங்குகிறது. இம்மொழிச்சூழலில் ‘கல்’ என்னும் சொல் கருதத்தக்கது.

தமிழில் அது பொருட்பெயர். நடுகற்கள் மிகுந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நினைவுச்சின்னத்தையும் குறிக்கும். இந்தியில் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல் காலப்பெயர். நேற்று, நாளை என இரண்டையும் சுட்டும். ‘கல் ஆயா’ என்பது நேற்று வந்தமையையும், ‘கல் ஆயேகா’ என்பது நாளை வரவிருப்பதையும் உணர்த்தும். வினைமுற்றை நோக்காது பெயரை மட்டும் செவிமடுக்கும் மேற்பார்வையாளர், நேற்று முடிந்த பணியை நாளைக்குரியதாகக் கொள்ள இடமுண்டு.

இவ்விரு சொற்களும் தம்முள் உறவுடையன அல்ல. இந்திச் சொல், விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. தமிழ்ச் சொல்லுக்கு உறவாவது கன்னடக் ‘கல்லு’. பலுச்சிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயி மொழியிலும் அதன் இனச்சொல் உண்டு. ஆங்குச் சொல்முதல் ககரம் உரசொலியாகத் திரிந்துள்ளது. ‘கண்’ என்பதன் இனச்சொல்லிலும் அதே திரிபு காணப்படுவதால், இது தற்செயல் அன்று. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியான திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இத்தகைய ஒழுங்கான ஒலியிணைவுகளையே அடிப்படையாகக் கொண்டது.

ஆக, ஒலி ஒத்த இந்திச் சொல் அயலாகிறது. ஒலி திரிந்த பிராகுயிச் சொல் உறவாகிறது. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாக்கி, வேற்றுமொழிச் சொற்களுக்குத் தமிழ் மூலம் காட்டும் முயற்சிகள் தமிழின் தொன்மைக்கு வலுச்சேர்ப்பன அல்ல. மெய்யான உறவுகளையும் ஐயத்திற்குள்ளாக்குவன.