பீரோவில் பூட்டிய விளையாட்டு

2025 ஏப்ரலில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கி வர லண்டன் போயிருந்தேன். போன மறுவாரமே, "சனிக்கிழமை எங்கேயும் போகாதீங்கப்பா, வீடியோ கேம் பார்க்கப் போறோம்" என்றான் மகன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோ கேமுக்கு நான் ஜன்ம விரோதி என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 'சுவிட்ச் 2' என்ற புதிய கையடக்க விளையாட்டுக் கருவியை ஜூன் 5-ஆம் தேதி வெளியிட இருந்தது. அதற்கு முன்பே மக்கள் ஆடிப் பார்க்க நியூயார்க், பாரிஸ் போன்ற நகரங்களில் ஏற்பாடு செய்திருந்தார்கள். லண்டனில் ஏப்ரல் 11 முதல் 13 வரை, எக்செல் கண்காட்சி அரங்கில். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு மட்டும் அனுமதி. எங்களுக்கு விழுந்திருந்தது. பத்து வயதுப் பேரன் அன்று காலை ஐந்து மணிக்கே குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட நாளில் அவனை எழுப்ப வீடே திரள வேண்டும்!

இந்தக் கம்பெனியின் பூர்வோத்திரம் சுவாரசியமானது. 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த குன்பெய் யோக்கோய் என்ற பொறியாளர், ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் 1980-ல் வந்த சட்டைப்பை விளையாட்டுக் கருவி என்று சொல்வார்கள். 1989-ல் வந்த 'கேம் பாய்' அவர் குழுவின் பெரிய வெற்றி. நாலு பென்சில் செல், வண்ணமில்லாத திரை, அவ்வளவுதான். புத்தம்புது தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகி விலை மலிந்ததைப் புதுவிதமாகப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. அதையும் அதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றார்கள்.

அரங்கில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தது. புதிய கருவியின் திரை 7.9 அங்குலம். 2017-ல் வந்த பழைய சுவிட்சுக்கு 6.2 அங்குலம்தான். கைப்பிடிகளோடு சேர்த்து எடை 534 கிராம். அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். கையில் வாங்கியபோது கனமாகத் தெரியவில்லை. கால் மணி கழித்துத் தெரிந்தது. இரு பக்கக் கைப்பிடிகளும் காந்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன. திரையை வீட்டு டி.வி.யோடு இணைத்தும் ஆடலாம். ரயிலில் மடியில் வைத்தும் ஆடலாம்.

முதலில் மரியோ கார்ட் என்ற கார் பந்தயம். ஒரே சமயத்தில் 24 பேர் ஓட்டலாம். ஓட்டுநராக யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றதும் நான் பட்டியலைத் துழாவினேன். அதில் ஒரு பசுமாடு இருந்தது! பசுவையே எடுத்துக்கொண்டேன். "தாத்தா, வலது பக்கம்! வலது பக்கம்!" என்று பேரன் கத்தக் கத்த, என் பசு ஒவ்வொரு வளைவிலும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. 24 பேரில் 23-ஆவதாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை.

அடுத்தது சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி, பக்கவாட்டில் நிறுத்தி, கம்ப்யூட்டர் மவுஸ் போல மேசைமேல் தள்ள வேண்டும். இடது கை இடது சக்கரம், வலது கை வலது சக்கரம். ஒரு கையை மட்டும் தள்ளினால் நாற்காலி திரும்பும். ஒவ்வொரு தள்ளலுக்கும் கையில் ஓர் அதிர்வு. பத்து நிமிஷத்தில் தோள் வலித்தது. ஆனால் இதில் பொத்தான் சாமர்த்தியம் அதிகம் வேண்டாம் என்பதால் என்னால் ஒரு பந்தைக் கூடையில் போட முடிந்தது. பேரன் என்னைக் கட்டிக்கொண்டான். அவனோடு நான் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டம் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து காபி குடிக்கும்போது பேச்சு விலைக்குத் திரும்பியது. 395 பவுண்டு 99 பென்ஸ். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 44,000 ரூபாய். பந்தய விளையாட்டையும் சேர்த்தால் 429.99 பவுண்டு. பேரன் அப்பா முகத்தையே பார்த்தான்.

"மார்க் வரட்டும், பார்க்கலாம்" என்றான் மகன்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

அது என் வசனம். 1994-ல் நாங்கள் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். பாலிகா பஜாரில் அவன் சேர்த்து வைத்த காசில் ஒரு 'பிரிக் கேம்' வாங்கி வந்தான். மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அரையாண்டில் கணக்கு மார்க் குறைந்ததும் அதைப் பிடுங்கி கோத்ரெஜ் பீரோவில் பூட்டினேன். "மார்க் வரட்டும், பார்க்கலாம்" என்றேன்.

"முழுப் பரீட்சைல கணக்குல 82 வாங்கினேன்ப்பா. நீங்க தரவே இல்ல" என்றான் மகன், காபியைக் கலக்கிக்கொண்டே. முப்பத்தோரு வருஷத்தில் அவன் அதைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. எனக்கு மறந்தே போயிருந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு, "நீயாவது சொன்னா செய்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவே மகன் மார்க்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு வந்தான். பெற்றோரின் போனில் ஒரு செயலி வைத்து, தினம் எவ்வளவு நேரம் ஆடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி இந்தக் கருவியில் உண்டு. ஆடிக்கொண்டே நண்பர்களோடு பேசும் வசதியை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதித்தால்தான் பயன்படுத்த முடியும். பள்ளி நாளில் முக்கால் மணி, விடுமுறையில் ஒன்றரை மணி என்று இருவரும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி நான். ஜூனில் கருவி வீட்டுக்கு வந்துவிட்டது.

நம் அங்கத்தினர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. இது வெளியானபோது கம்பெனி நேரடியாக விற்ற நாடுகளில் இந்தியா இல்லை. அதனால் பலர் வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குகிறார்கள். ஜப்பானில் 49,980 யென்னுக்கு மலிவாகக் கிடைத்தது ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும் பதிப்பு. விலையைப் பார்த்து மயங்கி வாங்கிவரச் சொல்லிவிட்டு, பிறகு குழந்தை ஜப்பானிய எழுத்தைப் பார்த்து விழிக்க வேண்டாம். மின்கலமும் ஆடும் விளையாட்டைப் பொறுத்து 2 மணி முதல் 6½ மணி வரைதான் நிற்கும். ராஜதானியில் சென்னை போய்ச் சேரும்வரை தாங்காது!

தில்லி திரும்பியதும் பீரோவைத் திறந்தேன். பழைய வருமான வரிக் காகிதங்களுக்கு அடியில் பிரிக் கேம் இருந்தது. உள்ளே இருந்த பென்சில் செல்கள் கசிந்து பச்சை பூத்திருந்தன. பாலிகா பஜாருக்கே எடுத்துப் போனேன். ஓர் இளைஞர் தகட்டைச் சுரண்டித் துடைத்து, புது செல் போட்டார். கீச்சென்று பாட்டு வந்தது. கட்டைகள் விழ ஆரம்பித்தன. "இதை எதுக்கு அங்கிள் ரிப்பேர் பண்றீங்க?" என்று இந்தியில் கேட்டார். ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்றேன்.

அடுத்த பயணத்துக்கான பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்திருக்கிறேன். செல்லைக் கழற்றிவிட்டு.