கேட்கிறது, ஆனால் புரியவில்லை

எங்கள் பிரிவுக்கு வரும் முதியவர்களில் பலர், காது கேட்கவில்லை என்று சொல்வதில்லை. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை" என்பர். உடன் வந்திருக்கும் குடும்பத்தினரோ, "இவருக்கு வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும்" என்று குறைபட்டுக்கொள்வர். பரிசோதித்துப் பார்த்தால், பெரும்பாலும் நோயாளி சொன்னதே சரியாக இருக்கிறது.

பேச்சில் உயிரொலிகள் வலுவானவை. தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலிப்பவை. மெய்யொலிகள் மெலிந்தவை, அவற்றைப் பிரித்தறிய உதவும் கூறுகள் பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைந்துள்ளன. 'ஸ்' என்னும் ஒலி 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டுகிறது. முதுமையும் பேரிரைச்சலும் உட்செவியில் உயர் அதிர்வெண்களை உணரும் பகுதியையே முதலில் தாக்குகின்றன. அதனால் கட்டி, சட்டி, தட்டி ஆகிய மூன்றும் ஒரே சொல்லாகக் காதில் விழக்கூடும். மகனின் தடித்த குரல் விளங்கும். பேத்தியின் மெல்லிய குரல் விளங்காது. இது அலட்சியம் அன்று.

தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினால் இக்குறை தீராது. ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் உயிரொலிகளும் சேர்ந்து உயர்ந்து, மெய்களை அமுக்கிவிடும். செவித்துணைக் கருவி வேறு விதமாக இயங்குகிறது. அது ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, உங்கள் ஆடியோகிராமில் குறை உள்ள பட்டைகளை மட்டும் உயர்த்துகிறது. அதிலும் மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் உயர்த்தும். மெல்லொலி கேளாத காதுக்கு உரத்த ஒலி பொறுக்க முடியாததாக இருப்பதே இதற்குக் காரணம். (தாத்தாவின் காதருகே கத்திப் பேசுவோர் இதை நினைவில் கொள்க.) தாழ்ந்த ஒலிகள் இயல்பாகக் கேட்பவருக்குக் காதை முழுவதும் அடைக்காமல், துளையுள்ள மென்முனையைப் பொருத்துகிறோம். அடைத்துவிட்டால் தம் குரலே குடத்துக்குள் பேசுவது போல் ஒலிக்கும்.

உட்செவியின் உணர்செல்கள் ஒரு பகுதியில் முற்றிலும் அழிந்திருந்தால், அங்கு ஒலியை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை, இரைச்சலே மிஞ்சும். அழிந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. இத்தகையோருக்கு, உயர் அதிர்வெண் ஒலியைக் கேட்கும் எல்லைக்குள் இறக்கித் தரும் செயலாக்கம் சில கருவிகளில் உண்டு. 'ஸ்' ஒலி இருப்பதையாவது அதனால் உணரலாம். ஆனால் 'ஸ்', 'ஷ்' இரண்டும் ஒன்றாக மயங்கலாம். இசை பிசகி ஒலிக்கலாம். விலை உயர்ந்த கருவியில் இவ்வசதி இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அதை இயக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. முதலில் சாதாரண முறையில் ஒலியை உயர்த்திப் பார்க்கிறோம். அது போதாதவர்க்கே இது.

முதல் சில வாரங்கள் கடினமானவை. பாத்திரம் உரசுவதும் செய்தித்தாள் சரசரப்பதும் எரிச்சலூட்டும். பல ஆண்டுகளாகக் கேளாத ஒலிகளுக்கு மூளை பழக வேண்டும். கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுவது பெரும்பாலும் இந்நாட்களில்தான். நாள்தோறும் அணியுங்கள்; வீட்டின் அமைதியில் தொடங்கி, பின்னர் சந்தைக்கும் திருமண மண்டபத்துக்கும் செல்லுங்கள். காதில் வலி, புண், சீழ் தோன்றினால் மட்டும் கருவியைக் கழற்றிவிட்டு எங்களிடம் வாருங்கள்.

ஒலியளவைத் திருத்தியமைக்க மறுமுறை வரும்போது, எந்த இடத்தில், யாருடைய பேச்சு புரியவில்லை என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். யாருடைய குரல் மிகக் கடினமாக இருக்கிறதோ அவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவரைப் பேசச் சொல்லியே கருவியைச் சரிபார்ப்போம்.