கார் நடுவழியில் நின்றால் யார் குற்றம்?

திருப்புறம் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குக் கடல் காற்று ஒரு நிரந்தர விரோதி. பூவார் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். அடித்தட்டு துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? ஆனால் துருவேறிய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டு நிறுத்துகிறவர் கம்பெனியைத்தான் திட்டுகிறார். கம்பெனியோ, 'அடிக்கடி கழுவவில்லை' என்கிறது. நடுவிலுள்ள டீலர் இரு பக்கமும் தலையாட்டுகிறார்.

அம்பாசடர் காலத்தில் இந்தத் தகராறு அதிகமில்லை. 1957 முதல் 2014 வரை உத்தரபாராவில் தயாரான அந்த வண்டியும் மக்கர் செய்யாமல் இல்லை. ஆனால் பாறசாலையில் நின்றாலும் களியக்காவிளையில் நின்றாலும் ஒரு ஸ்பானரோடு வந்து கிளப்பிவிட ஆள் இருந்தது.

சென்னையில் தயாரான 'ஸ்டாண்டர்டு 2000' கதை வேறு. 1985-ல் வந்த இந்தக் காரின் உடல் இங்கிலாந்து ரோவருடையது. உள்ளேயிருந்த 1991 சி.சி. எஞ்சின், பழைய வான்கார்டு காரின் வழிவந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் தாத்தாவை உட்கார வைத்த மாதிரி! 1988-ல் உற்பத்தியே நின்றது. வாங்கியவர் மேல் இதில் என்ன பழி?

டீலர்களும் சளைத்தவர்கள் அல்லர். கோவாவில் 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்குக் கிடைத்தது 2009-ல் தயாராகி, 622 கிலோமீட்டர் ஓடிய கார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. டீலர் செய்த தவறுக்கு, அதை அறியாத தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-ல் தீர்ப்பாயிற்று. அதற்கு முன் 2006-ல், கிளட்ச் கோளாறு வழக்கொன்றில், வாரண்டிப்படி பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும், முழுக் காரையும் மாற்றித் தரவேண்டியதில்லை என்று அதே கோர்ட்டு கூறியிருந்தது.

சொந்தக்காரர் மட்டும் யோக்கியமா? ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுவது, கூடுதல் விளக்குக்கும் ஹாரனுக்கும் வயரை வெட்டி ஒட்டுவது எல்லாம் யார் வேலை? வண்டியை மாற்றியமைத்தவர், அதனால் வந்த தீங்குக்கு விற்றவர் மேல் வழக்காட முடியாது என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இப்போது நாலாவதாக ஒருவரும் சேர்ந்திருக்கிறார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய கார்களில் மைலேஜ் சற்றுக் குறையும், சில ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டுள்ளது. அந்தச் செலவை யாரிடம் கேட்பது?

2021 ஏப்ரல் முதல், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட கார்களில் பாதுகாப்புக் குறை பற்றிப் போதிய புகார் சேர்ந்தால், அவற்றைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு கம்பெனிக்கு உத்தரவிடலாம். தனி ஆளின் குறைக்குத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தேவைப்பட்டால் அது நிபுணர் பரிசோதனைக்கும் உத்தரவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை சர்வீசுக்கு விட்டபோதும் புகாரை எழுதி வாங்கிய ஜாப் கார்டு கையில் இருக்கவேண்டும். பலர் அதை வண்டி டாஷ்போர்டிலேயே மழையில் நனையவிட்டு விடுகிறார்கள்.