ஒரே ரத்தம், லேபுக்கு ஒரு ரிசல்ட்டா?

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், தினம் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் வீட்டில் 'ஐ.என்.ஆர்.' என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். கீரை சாப்பிடலாமா, பூண்டு லேகியம் ஆகுமா என்று இவர்கள் கேட்பது எங்களிடம்தானே!

ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் 'பி.டி.' பரிசோதனையை 1935-ல் கொண்டுவந்தவர் அமெரிக்க டாக்டர் ஆர்மண்ட் குவிக். ரத்தத்தின் தெளிநீரில் திராம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் விடுவார்கள். சாதாரணமாக 12 வினாடிக்குப் பக்கத்தில் உறையும்.

வம்பே அந்தத் திராம்போபிளாஸ்டினில்தான். ஒரு கம்பெனி முயல் மூளையிலிருந்து எடுக்கும், இன்னொன்று வேறு விதமாகத் தயாரிக்கும். வீரியம் ஒன்றாக இராது. அதனால் ஒரே ரத்தம் ஒரு லேபில் 27 வினாடி காட்டும், அடுத்த தெருவில் 18 காட்டும். ஊருக்கு ஊர் படி மாறின காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே கதை! எதை நம்பி மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது? கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரை போகும்.

1983-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு பொதுப்படி கண்டது. ஒவ்வொரு திராம்போபிளாஸ்டினையும் ஒரு மூல மாதிரியோடு ஒப்பிட்டு 'ஐ.எஸ்.ஐ.' என்று ஓர் எண் தருகிறார்கள். முதல் லேபில் 27-ஐ 12-ஆல் வகுத்தால் 2.25. அங்கே ஐ.எஸ்.ஐ. 1 என்றால் ஐ.என்.ஆர். அதேதான். இரண்டாவது லேபில் 18-ஐ வகுத்தால் 1.5. அங்கே ஐ.எஸ்.ஐ. 2 என்றால் 1.5-ஐ அதாலேயே பெருக்க வேண்டும். பாருங்கள், அதுவும் 2.25!

எடப்பாடி பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் காட்டிய ரிப்போர்ட்டில் வினாடி மட்டும் இருந்தது, ஐ.என்.ஆர். காணோம். "இத வெச்சு என்னங்க பண்றது?" என்றார். ஒன்றும் பண்ண முடியாதுதான். கேட்டு வாங்குங்கள். வேலூர் சி.எம்.சி. ரத்தவியல் துறை பல லேபுகளுக்கு ஒரே மாதிரி சாம்பிள் அனுப்பி, வரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டத்தை நடத்துகிறது. உங்கள் லேப் அப்படி எதிலாவது சேர்ந்திருக்கிறதா என்று விசாரிப்பதில் தப்பில்லை.

பலருக்கு ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். மைட்ரல் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரம்பியதா என்று பாருங்கள். குறைந்தால் உள்ளே இருக்கும் சிட்ரேட் அதிகமாகி, வினாடி பொய்யாக நீளும்.

முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் 'கே' இந்த மாத்திரைக்கு எதிரி என்பது நிஜம். அதனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். பூண்டு லேகியமோ கஷாயமோ புதிதாகத் தொடங்குவதானால், நானே கொடுத்தாலும் சரி, முதலில் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். மறுபடி பார்த்துவிடுங்கள்.